அந்த 1878 டேனிஷ் ரெமிங்டனை வாங்கலாமா, வாங்கினால் சுடலாமா?

ஒன்டாரியோவில் ஒரு பண்ணை வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன. அதில் டேனிஷ் ராணுவத்தின் பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கோபன்ஹேகன் ஆயுதசாலையின் பெயரும் 1878 என்ற ஆண்டும் மேலே பொறித்திருக்கின்றன. "இது .45-70தான், கடைத் தோட்டாவே போதும், போருக்குப் போய் வந்த துப்பாக்கி" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். .45-70 என்பது ஓர் அமெரிக்கத் தோட்டா வகை. இதை வாங்கலாமா, இல்லை ஸ்வீடன், நார்வே துப்பாக்கிகளைத் தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பவர் சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வருவது என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமான பதில் இது: துப்பாக்கி நல்ல வகை. அந்தக் கடைத் தோட்டாவை அதில் போடாதீர்கள். போர்க் கதை நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

நான் துப்பாக்கி செய்பவன் அல்ல. டூல் ரூமில் லேத்திலும் மில்லிங்கிலும் வேலை பார்த்தவன். 20 ஆண்டுக்கு மேலாகக் கரிமருந்துத் துப்பாக்கிகளைச் சேர்த்தும் சுட்டும் வருகிறேன். அளவெடுப்பது என் தொழில் என்பதால் என் பதிலும் அதைச் சுற்றியேதான் வரும். படத்தை மட்டும் பார்த்து ஒரு துப்பாக்கி சுடத் தகுதியானது என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

போர்க் கதையை முதலில் முடித்துவிடுவோம். டென்மார்க் 1864இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் போரிட்டுத் தோற்றது. அந்த ஆண்டு ஜூலை 3ஆம் தேதி லுண்ட்பி என்ற ஊருக்கு வெளியே டேனிஷ் வீரர்கள் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு நெருக்கமான அணியாக முன்னேறினார்கள். அவர்களுடையது குழல் வாயில் மருந்தைப் போட்டு இடிக்கும் துப்பாக்கி. எதிரே நின்ற பிரஷ்யர்களிடம் பின்புறம் திறந்து தோட்டா போடும் டிரைசே ஊசித் துப்பாக்கி. சில நிமிடங்களுக்குள் அந்த டேனிஷ் பிரிவில் ஏறக்குறையப் பாதிப் பேர் விழுந்தார்கள். பிரஷ்யர் தரப்பில் 3 பேருக்குக் காயம். அப்படி ஒரு தோல்விக்குப் பிறகுதான் டென்மார்க் அவசர அவசரமாகப் பின்வழித் துப்பாக்கி தேடியது. 1867இல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனியுடைய ரோலிங் பிளாக்கை ஏற்றுக்கொண்டது. முதலில் நியூயார்க் மாநிலத்தின் இலியனிலிருந்து கப்பலில் வந்தன, பிறகு கோபன்ஹேகனிலேயே செய்தார்கள். உங்களுடையது அந்த இரண்டாம் வகை.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். 1864க்குப் பிறகு டேனிஷ் ராணுவம் தன் மண்ணில் போருக்காகத் துப்பாக்கி எடுத்தது 1940 ஏப்ரலில், ஜெர்மானியர் நுழைந்த காலையில். அதற்குள் டேனிஷ் ராணுவத்தின் அடுத்த துப்பாக்கியான கிராக்-யோர்கன்சன் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஸ்வீடனின் கடைசிப் போர் 1814இல், நார்வேக்கு எதிராக நடந்தது. ஆக, ஸ்காண்டிநேவிய ரோலிங் பிளாக் எதுவும் தன் சொந்த ராணுவத்தின் கையில் போரைப் பார்த்ததில்லை. இது சேகரிப்பவருக்கு நல்ல செய்தி. முகாமில் எண்ணெய் போட்டு அடுக்கி வைத்து, வருடத்துக்குச் சில முறை பயிற்சிக்கு எடுத்த துப்பாக்கிகள் இவை. குழல் பளபளப்பாக இருக்கும் 140 வயதுத் துப்பாக்கி வேண்டுமென்றால் வடக்கே தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எதைச் சோதிக்க வேண்டும் என்பது புரியும். லெனர்ட் கைகர், ஜோசப் ரைடர் இருவரின் யோசனை அது. முதலில் சுத்தியலைப் பின்னால் இழுக்கிறோம். அப்புறம் அதற்கு முன்னால் இருக்கும் பிளாக்கைக் கட்டைவிரலால் பின்னுக்குச் சுழற்றினால் குழலின் பின்வாய் திறக்கும். தோட்டாவை வைத்து, பிளாக்கை முன்னால் தள்ளி, விசையை அழுத்துகிறோம். விழும் சுத்தியலின் வட்டமான உடல் பிளாக்குக்கு அடியில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். வெடியின் அழுத்தம் பிளாக்கைப் பின்னால் தள்ளத் தள்ள, முட்டு இறுகும். மொத்தப் பாரமும் குறுக்கே போகும் இரண்டு தடித்த பின்களில் இறங்குகிறது. பாகங்கள் குறைவு, எல்லாம் பெரியவை, ஒரு பாகம்கூட நளினமானதல்ல. பட்டறைக்காரன் கண்ணுக்கு இதைவிட அழகான வேலை குறைவு.

சரி, .45-70 விஷயத்துக்கு வருவோம். பணத்தையும் விரலையும் காப்பாற்றப்போவது இதுதான். இந்த டேனிஷ் துப்பாக்கி முதலில் விளிம்பில் அடித்தால் வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. பின்னால் 1896 மாற்றத்தில் நடுவில் பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி, உள்ள சென்டர்ஃபயருக்கு மாற்றினார்கள். அந்தத் தோட்டாவின் பெயர் 11.7×51 ஆர். கடைசி எழுத்து விளிம்பு உண்டு என்பதற்கு அடையாளம், 51 என்பது பித்தளைக் கூட்டின் நீளம் மில்லிமீட்டரில். அமெரிக்க .45-70 கூட்டின் நீளம் சுமார் 53.5 மி.மீ. தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் "இரண்டும் ஒன்று" என்ற பேச்சு பரவியிருக்கிறது. ஆனால் இரண்டரை மில்லிமீட்டர் நீளமான கூட்டை, தோட்டா உட்காரும் இடமான அறைக்குள் திணித்தால் அதன் வாய் அறையின் முடிவில் போய் இறுகி, குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்கிட முடியாது. விளிம்பும் ஒன்றல்ல. .45-70இன் விளிம்பு அகலமானது, பல டேனிஷ் துப்பாக்கிகளில் அது உட்காராது. குண்டும் ஒன்றல்ல. கடைக் குண்டின் விட்டம் .458 அங்குலம், குண்டைச் சுழற்றுவதற்காக டேனிஷ் குழலுக்குள் வெட்டிய வரிகளின் பள்ளங்கள் வழக்கமாக .462ஐத் தொடும் அல்லது தாண்டும். சின்னக் குண்டு வரிகளைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். 50 மீட்டரில் காகிதத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போகும் குண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத் துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். துப்பாக்கியில் கோளாறு எதுவும் இராது.

எல்லாவற்றுக்கும் மேல் மருந்து. கடைத் தோட்டாவில் இருப்பது கரிமருந்து அல்ல, புகையில்லா மருந்து. .45-70க்கு அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலமைப்பு வைத்திருக்கும் அழுத்தத்தின் உச்ச வரம்பே 28,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதையும் தாண்டிய தோட்டாக்களை, "நவீனத் துப்பாக்கிகளுக்கு மட்டும்" என்று பெட்டியில் எழுதி விற்கிறார்கள். கரிமருந்துக் காலத்து இரும்பில் இந்த விளையாட்டு வேண்டாம். குறைந்த அளவு புகையில்லா மருந்து போட்டுப் பல ஆண்டு நிம்மதியாகச் சுடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. இது கருத்து வேறுபாடு உள்ள இடம். நான் என் துப்பாக்கிகளில் அதைச் செய்வதில்லை. அந்தக் கால உலோகத்தின் பதம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், அதை வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படி வட அமெரிக்காவுக்கு வந்த துப்பாக்கிகளில் சிலவற்றின் அறையைப் பிற்காலத்தில் யாரோ .45-70க்கே கடைந்திருக்கிறார்கள். அதனால் விற்பவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வாய்ப்பேச்சால் இதைத் தீர்க்க முடியாது. அறையின் வார்ப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். செரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே விற்கிறது. கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் குறைவிலேயே உருகும். குழலை அறைக்குச் சற்று முன்னால் துணியால் அடைத்து, அறைக்குள் ஊற்றி, கெட்டியானதும் தட்டி எடுத்து அளக்கலாம். இந்தக் கலவை முதலில் கொஞ்சம் சுருங்கி, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அறையின் சரியான அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு அளந்தால் தப்பாக வரும். குழலுக்கு இன்னும் எளிய வழி: மென்மையான ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிய குழலுக்குள் மரக்குச்சியால் தட்டி இறக்கி, மறுபக்கம் வந்ததை மைக்ரோமீட்டரில் பிடிப்பது. வரிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், உருண்டையைத் தாங்கி அளக்க வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக் வேண்டும். கையில் இந்த இரண்டு அளவும் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூடத் தயாரிக்காதீர்கள்.

அறை அசல் 11.7 ஆக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. .45-70 பித்தளைக் கூட்டையே வாங்கி, 51 மில்லிமீட்டருக்கு வெட்டி, தேவைப்பட்டால் விளிம்பை லேத்தில் கடைந்து, கரிமருந்து போட்டுக்கொள்ளலாம். இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. குழலுக்குப் பொருத்தமான தடித்த குண்டை வைத்ததும் கூட்டின் கழுத்து உப்பி, தோட்டா அறைக்குள் போக மறுக்கும். உடனே மெல்லிய குண்டுக்குப் போய்விடாதீர்கள். கழுத்தின் உட்சுவரைக் கொஞ்சம் கடையுங்கள், அல்லது காகிதம் சுற்றிய குண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தில் 20க்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்த மென்மையான குண்டும், தேன்மெழுகும் மிருகக் கொழுப்பும் கலந்த பூச்சும் எனக்கு ஒத்துவந்தவை. மருந்தின் எடையை இங்கே எழுத மாட்டேன். இணையத்தில் படித்த எடையை அப்படியே போடுவது கெட்ட பழக்கம். உங்கள் கூட்டுக்கு எவ்வளவு என்பதைத் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்க்கும் அனுபவசாலியோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொருந்தும்: குண்டுக்கும் கரிமருந்துக்கும் நடுவே காற்று இடைவெளி கூடாது.

ஸ்வீடனையும் நார்வேயையும் பற்றிக் கேட்டீர்கள். 1905 வரை இரண்டுக்கும் ஒரே மன்னர். துப்பாக்கியின் துளை அளவிலும் ஒத்துப்போனார்கள்: 12.17 மி.மீ. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பார்கள். பழைய ஸ்வீடிஷ் நீள அளவில் தசம கோடு என்ற ஓர் அலகு 2.969 மி.மீ. அதில் 4.1 கோடு என்றால் 12.17. மெட்ரிக் வருவதற்கு முன்னால் போட்ட கணக்கு அது. எஸ்கில்ஸ்டூனாவில் இருந்த கார்ல் குஸ்தாஃப் தொழிற்சாலையும் ஹஸ்க்வர்னாவும் இவற்றைச் செய்தன. நார்வேயில் வெள்ளிச் சுரங்க ஊரான கோங்ஸ்பெர்க்கில் செய்தார்கள். இன்று உங்கள் ஊரில் மரம் அறுக்கும் ஹஸ்க்வர்னா அதே கம்பெனிதான். 1872இலேயே துப்பாக்கிப் பட்டறையின் திறமையைத் தையல் மெஷினுக்குத் திருப்பிவிட்டார்கள்.

இந்த 12.17 துப்பாக்கிகளும் ரிம்ஃபயராகப் பிறந்தவை. ராணுவம் கழித்துக் கட்டிய பிறகு கிராமத்து வேட்டைக்காரர்கள் கைக்குப் போயின. அங்கேதான் பெரும்பாலானவை மாறின: சிலவற்றின் வரிகளையே துருவியெடுத்துச் சிதறுகுண்டுத் துப்பாக்கி ஆக்கினார்கள், சிலவற்றைச் சென்டர்ஃபயர் ஆக்கினார்கள். மாற்றியவர் தேர்ந்த தொழிலாளியா ஊர்க் கொல்லரா என்பதை பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் ஓட்டையைப் பார்த்தாலே ஓரளவு சொல்லலாம். அமெரிக்க .50-70 கூடு நீளத்தில் கிட்டத்தட்டப் பொருந்தும் என்பதால் அதிலிருந்துதான் தோட்டா செய்கிறோம். ஆனால் அமெரிக்கக் குண்டு .515 அங்குலம், அதாவது 13 மி.மீ. அது இந்தக் குழலுக்குப் பெரிது. இங்கேயும் அளந்த பிறகுதான் வார்ப்பு அச்சு வாங்க வேண்டும்.

நான் முதலில் வாங்கியதே இப்படி மாற்றிய ஒரு ஸ்வீடிஷ் துப்பாக்கி. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வியாபாரியிடம் வாங்கினேன், "சுட்டுப் பார்த்தாகிவிட்டது" என்றார். மூன்றாவது தோட்டாவில் பிரைமர் துளைந்து வாயு பின்னால் சீறியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள் பல நாள் இருந்தன. கழற்றிப் பார்த்தேன். ஃபயரிங் பின்னுக்கான ஓட்டையை யாரோ தேவையைவிடப் பெரிதாகத் துளைத்திருந்தார்கள். பிரைமர் அந்த ஓட்டைக்குள் பிதுங்கிக் கிழிந்திருக்கிறது. ஓட்டைக்குப் புஷ் என்ற உள்வளையம் போட்டு, சரியான அளவில் மறுபடி துளைத்து, புதிய பின் கடைந்த பிறகு அதே துப்பாக்கி இன்றுவரை தொந்தரவு கொடுத்ததில்லை. எந்த ரோலிங் பிளாக்கை எடுத்தாலும் நான் முதலில் அந்த ஓட்டையைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் பின்கள். பக்கத் தகட்டுத் திருகைக் கழற்றினால் இரண்டு பின்களும் வெளியே வரும். வரிவரியாகத் தேய்ந்திருக்கிறதா, ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா பாருங்கள். சுத்தியலை இறக்கிய நிலையில் பிளாக்கை விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையில் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் சுடாமல் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். கறுத்த புள்ளிகள் பெரிய விஷயமில்லை, மென்மையான ஈயம் அவற்றை மன்னிக்கும். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் நிழல் வளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிடுங்கள்.

சேகரிப்பவராகப் பார்த்தால் கணக்கு வேறு. பாகங்களில் இருக்கும் எண்கள் ஒத்துப்போகின்றனவா, மரக்கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார்களா, குறிபார்க்கும் பாகத்தை மாற்றியிருக்கிறார்களா என்பதில்தான் மதிப்பு. படைப்பிரிவின் முத்திரை இருந்தால் அது எந்தப் பிரிவில் இருந்தது என்பது உறுதியாகும். எந்த வீரன், எந்த நாள் என்பதெல்லாம் காகிதம் இல்லாமல் நம்ப வேண்டியதில்லை, அந்தக் கதைக்குப் பணமும் கொடுக்க வேண்டியதில்லை. அசலாக இருக்கும் ஒன்றை வாங்கிவிட்டால் தயவுசெய்து அதைப் புதிதாக்க முயலாதீர்கள். எண்ணெய்த் துணி போதும். சுடுவதற்கு என்றே ஒன்று வேண்டுமானால், வேட்டைக்காரர் கட்டையை வெட்டிய, சேகரிப்பாளர்கள் சீண்டாத துப்பாக்கியை மலிவாக வாங்குங்கள். என்ன வேலை செய்தாலும் அதில் மனம் உறுத்தாது.

சட்டம். கனடாவில் 1898க்கு முன் செய்த துப்பாக்கி, சென்டர்ஃபயராக இருந்தாலும், துளை, பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேட்டுக்கு மேடு அளந்தால், 8.3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) இல்லாத ஒற்றைத் தோட்டா வகையாக இருந்தால் தொல்பொருள் வரிசையில் வரும், உரிமம் தேவையில்லை. உங்கள் 1878 டேனிஷ், 12.17 ஸ்வீடிஷ், கோங்ஸ்பெர்க் எல்லாம் இதற்குள் அடங்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்வீடன் 1889இல் பழைய ரோலிங் பிளாக் பலவற்றுக்குப் புதிய குழல் போட்டு 8×58 ஆர் தோட்டாவுக்கு மாற்றியது. தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும், ஆண்டும் பழையதுதான், ஆனால் துளை 8.3க்குக் கீழே. எனவே அது கனடாவில் சாதாரணத் துப்பாக்கி, உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1899க்கு முன் செய்ததா என்று மட்டும் பார்ப்பதால் அங்கிருந்து எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் சொல்லிவிடுவார்கள். பிரிட்டனில் இருக்கும் நண்பர்களுக்கு: அங்கே பட்டியலில் உள்ள வழக்கொழிந்த தோட்டா வகையாக இருந்தாலும், அலங்காரப் பொருளாக வைத்திருக்கும்வரைதான் சலுகை. சுட நினைத்தால் சான்றிதழ் வேண்டும். நான் வழக்கறிஞன் அல்ல, சட்டம் மாறுவதும் உண்டு, ஏலத்துக்கு முன் கனடாவின் மத்தியப் போலீசான ஆர்.சி.எம்.பி.யின் துப்பாக்கிப் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு உரிமம் தேவைப்படாவிட்டாலும் செய்த தோட்டா வாங்க உரிமம் வேண்டும்.

அந்த 8 மில்லிமீட்டர் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். அதே தோட்டாவைத்தான் டேனிஷ் கிராக்கும் சுட்டது. கிராக்குக்கு என்று பிற்காலத்தில் வந்த வலுவான புகையில்லாத் தோட்டா ரோலிங் பிளாக்கிலும் சிரமமில்லாமல் உட்காரும். உட்கார்வதால் சுடலாம் என்று ஆகாது.

சுடும் நாளில் இரண்டு ஏமாற்றங்களுக்குத் தயாராக இருங்கள். ராணுவக் குறிகள் தூரத்துக்கு வெட்டப்பட்டவை, அதனால் 100 மீட்டரில் குண்டு இலக்குக்கு மேலே போகும். கீழே குறிவைத்துப் பழகுங்கள், முன்குறியை அரத்தால் தொடாதீர்கள். இரண்டாவது, நான்கைந்து தோட்டாவுக்குள் கரிமருந்தின் கசடு குழலில் காய்ந்து இறுகி, குறி சிதற ஆரம்பிக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் துப்பாக்கியைத் திறந்துவைத்து, காலிக் கூடு என்று உறுதிசெய்த பிறகு, பின்வாய் வழியே ஒரு குழாயை வைத்து மூச்சை ஊதினால் அந்த ஈரமே கசடை இளக்கும். வீட்டுக்கு வந்ததும், காபி குடிப்பதற்கு முன், சுடுதண்ணீரும் சோப்பும். கசடு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டு, மறுநாள் இன்னொரு முறை துணி விட்டுப் பாருங்கள்.

நார்வேயில் 1842லேயே ராணுவம் ஏற்றுக்கொண்ட கம்மர்லாடர் என்ற துப்பாக்கி ஒன்று உண்டு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் அறை மேலே எழும், அதில் காகிதத் தோட்டாவை வைத்து மூட வேண்டும், சுத்தியல் அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கும். டிரைசே ஊசித் துப்பாக்கியின் காலத்தது, உலகின் முதல் ராணுவப் பின்வழித் துப்பாக்கிகளில் ஒன்று. என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் முதல் துப்பாக்கியாக அதை வாங்காதீர்கள். அதன் அறைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் பொருத்தம் தேய்ந்திருந்தால் சரிசெய்வது கடினம். டேனிஷ் ரெமிங்டனில் ஒன்றிரண்டு வருடம் கை பழகட்டும்.

ஏலத்துக்குப் போகும்போது சின்ன டார்ச், வெர்னியர் காலிப்பர், வெள்ளைத் துணி, காலியான ஒரு .45-70 கூடு, இவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு அந்தக் கூட்டை அறையில் மெதுவாக வைத்துப் பாருங்கள். விளிம்பு உட்காராமல் வெளியே நின்றால் அறை இன்னும் அசல் என்று நம்ப இடமுண்டு. முழுதாக உள்ளே போய் பிளாக்கும் மூடினால் யாரோ கடைந்திருக்கிறார்கள், அப்போது ஏலத்தொகையைக் குறைத்துக் கேளுங்கள். குழல், பின், ஓட்டை மூன்றின் படத்தையும் இங்கே போட்டால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.